அடுப்புப் புகையும் உடல்நலமும்: அண்மை ஆராய்ச்சிகள் கற்பிக்கும் பாடம்

விறகடுப்பு எரியும் சமையலறையின் சுவரிலும் கூரையிலும் படிந்திருக்கும் கரியை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். அந்தக் கரியை உண்டாக்கும் புகையே அடுப்பின்முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் நுரையீரலினுள்ளும் செல்கிறது. சுவரில் படிந்ததை ஆண்டுக்கொருமுறை வெள்ளையடித்து மறைத்துவிடலாம். நுரையீரலுக்கு வெள்ளையடிக்க இயலாது.

அடுப்புப் புகை உடல்நலத்திற்குக் கேடு விளைவிக்கும் என்பது இன்று ஐயத்திற்கு இடமற்ற உண்மை. ஆயினும், புகையை நீக்கினால் எந்த நன்மை, யாருக்கு, எவ்வளவு காலத்தில் கிட்டும் என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்குக் கிடைத்த விடையையே இரண்டாவதற்கும் விடையாகக் கொள்வது எளிதில் நேரும் பிழை. அண்மையில் வெளியான ஆராய்ச்சி முடிவுகள் இவ்விரண்டையும் பிரித்தறிய நமக்குக் கற்பிக்கின்றன. வீடுவீடாகச் சென்று அறிவுரை கூறும் களப்பணியாளர்களுக்கும் வகுப்பறையில் சுகாதாரம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த வேறுபாடு மிக இன்றியமையாதது. ஆகவே அதனை இக்கட்டுரையில் சற்று விரிவாக ஆராய்வோம்.

புகையில் அடங்கியவை

விறகு, சுள்ளி, வறட்டி, பயிர்த்தாள் முதலியன முழுமையாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் சாம்பலுமே எஞ்சும். ஆனால் வீட்டு அடுப்பில் காற்றோட்டம் போதாது. எரிபொருளும் பெரும்பாலும் ஈரமாக இருக்கும். எனவே எரிதல் முற்றுப்பெறுவதில்லை. அரைகுறையாக எரிந்த பொருள்களே புகையாக வெளிவருகின்றன. அவற்றுள் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும், பென்சீன் முதலிய ஆவிகளும், மிகச் சிறிய திண்மத் துகள்களும் உள்ளன.

இத்துகள்களுள் 2.5 மைக்ரானும் அதற்குக் குறைந்த குறுக்களவும் உடையவற்றை நுண்துகள் என்கிறோம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மயிரிழையின் தடிமனோடு ஒப்பிட்டால் நுண்துகள் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இருக்கும். பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடுகின்றன. நுண்துகளையோ அவற்றால் தடுக்க முடிவதில்லை. அது நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை சென்று தங்குகிறது. அங்கு அழற்சியை உண்டாக்குவதுடன் குருதிக் குழாய்களையும் இதயத்தையும் பாதிக்கிறது.

காற்றிலுள்ள நுண்துகளை ஒரு கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று அளப்பது வழக்கம். நம் நாட்டின் தரநிர்ணயப்படி ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில் 5 மைக்ரோகிராமை இறுதி இலக்காகவும், 35 மைக்ரோகிராமை முதற்படி இலக்காகவும் குறித்துள்ளது.

நாட்பட்ட மூச்சடைப்பு நோய், நுரையீரல் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், குழந்தைகளுக்கு வரும் நிமோனியா, கண்புரை ஆகியன வீட்டுப் புகையோடு தொடர்புடைய நோய்களெனக் கண்டறியப்பட்டுள்ளன. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் மரணங்களுக்கு வீட்டினுள் எழும் காற்று மாசு காரணமாக இருந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இவர்களுள் 2 லட்சத்து 37 ஆயிரத்திற்கு மேற்பட்டோர் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள்.

இந்தியாவில் இவ்வாராய்ச்சி வளர்ந்த வரலாறு

இத்துறையில் இந்தியாவின் பங்கு பழமையானது. 1950-களில் டெல்லியில் பணியாற்றிய இதய மருத்துவர் டாக்டர் பத்மாவதி, நுரையீரல் நோயின் விளைவாக இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்து போகும் நோயை ஆராய்ந்தார். 127 நோயாளிகளைப் பற்றிய அவரது ஆய்வு 1959-இல் வெளியாயிற்று. மேலைநாடுகளில் இந்நோய் பெரும்பாலும் புகைபிடிக்கும் ஆண்களிடையே காணப்பட்டது. டெல்லியிலோ பெண்களும் பெருமளவில் இதற்கு ஆளாகியிருந்தனர். பீடியோ சிகரெட்டோ தொடாத பெண்களுக்கு இந்நோய் வருவானேன் என்ற கேள்வியே அடுப்படியை நோக்கி ஆராய்ச்சியைத் திருப்பியது.

அடுத்த முக்கியமான படி அளவீடு. அமெரிக்க விஞ்ஞானி கர்க் ஸ்மித் என்பவரும் இந்திய ஆராய்ச்சியாளர்களும் குஜராத் கிராமங்களில், சமைக்கும் பெண்களின் உடலிலேயே சிறு கருவிகளைப் பொருத்தி, அவர்கள் உண்மையில் சுவாசிக்கும் காற்றின் மாசை அளந்தனர். 1983-இல் அம்முடிவுகள் வெளியாயின. சமையல் நேரத்தில் காற்றிலிருந்த மொத்தத் தூசி கன மீட்டருக்குப் பல ஆயிரம் மைக்ரோகிராம் என்பது தெரியவந்தது. காற்று மாசு என்பது தொழிற்சாலைகள் நிறைந்த நகரங்களின் பிரச்சினை என்று கருதப்பட்டு வந்த காலத்தில், கிராமத்துச் சமையலறையிலும் அது கடுமையாக உண்டு என்பதை இந்த அளவீடு நிலைநாட்டியது.

நிவாரணம் தேடும் முயற்சியும் உடன் தொடங்கியது. 1983-84-இல் மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2002-இல் அது முடிவுறும் வரை மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன. ஆனால் பல வீடுகளில் புகைப்போக்கி விரிந்தும் அடைபட்டும் போயிற்று. பழுது பார்க்க ஆளில்லை. மக்கள் பழைய அடுப்பிற்கே திரும்பினர். பின்னர் ஒடிசாவில் தனியே நடந்த ஒரு விரிவான ஆய்வும் இதே பாடத்தைப் புகட்டியது. புகைப்போக்கி வைத்த அடுப்பினால் முதலாண்டில் பெண்கள் சுவாசிக்கும் புகை ஓரளவு குறைந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல, அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தாமலும் பராமரியாமலும் விட்டமையால், அந்தப் பயன் மறைந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் நன்றாக எரியும் அடுப்பு வீட்டிலும் அவ்வாறே எரியும் என்று எதிர்பார்த்தல் தவறு என்பது இதனால் விளங்கும்.

அடுப்பைச் சீர்திருத்துவதைவிட எரிபொருளையே மாற்றுவது மேல் என்ற கருத்து இதன்பின் வலுப்பெற்றது. 2016-ஆம் ஆண்டு மே முதல் நாள் உத்தரப்பிரதேசத்தின் பலியா நகரில் பிரதமரின் உஜ்வலா திட்டம் தொடங்கப்பட்டது. வறிய குடும்பத்துப் பெண்களின் பெயரில் சமையல் எரிவாயு இணைப்பு வழங்கும் இத்திட்டத்தின்கீழ் 2019 செப்டம்பருக்குள் எட்டுக் கோடி இணைப்புகள் அளிக்கப்பட்டன. 2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி 58.6 சதவீத வீடுகள் தூய எரிபொருளில் சமைத்தன. முந்தைய ஆய்வில் இது 43.8 சதவீதமாக இருந்தது.

சோதனையின் முறை

எரிவாயு அடுப்பு உள்ள வீட்டையும் விறகடுப்பு உள்ள வீட்டையும் ஒப்பிட்டு, முதல் வீட்டுக் குழந்தை நலமாக இருப்பது எரிவாயுவினால்தான் என்று கூறிவிட முடியுமா? முடியாது. எரிவாயு வாங்கும் வீட்டில் பெரும்பாலும் வருமானம் அதிகம், உணவு மேல், தாயின் படிப்பும் கூடுதல். நலத்திற்குக் காரணம் இவற்றுள் எது என்று பிரித்தறிவது கடினம். ஆகவே விஞ்ஞானிகள் குலுக்கல் முறையைக் கையாளுகின்றனர். ஒத்த நிலையிலுள்ள குடும்பங்களைக் குலுக்கல் மூலம் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் புதிய அடுப்பை வழங்குகின்றனர். பிரிவுகளைத் தேர்ந்தது குலுக்கலாதலால், வருமானம், கல்வி முதலியன இரு பிரிவிலும் ஏறக்குறையச் சமமாகவே அமையும். பின்னர் காணும் வேறுபாட்டை அடுப்பின் பயனென்று கொள்ளலாம்.

இம்முறையில் குவாதமாலா நாட்டின் மலைப்பகுதியில் 534 குடும்பங்களிடையே நடந்த சோதனையின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. புகைப்போக்கி அடுப்பு பெற்ற வீடுகளில், மருத்துவர் கண்டறிந்த நிமோனியாவின் மொத்த எண்ணிக்கை ஐயமறக் குறைந்ததாகக் கூற முடியவில்லை. கடுமையான நிமோனியா மட்டும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடையே நடந்து 2017-இல் வெளியான சோதனையில், மேம்படுத்தப்பட்ட விறகடுப்பினால் நிமோனியா குறையவில்லை.

அந்த அடுப்புகள் புகையைப் போதிய அளவு குறைக்கவில்லை. முற்றிலும் எரிவாயுவுக்கு மாறினால் பயன் தெரியும் என்று பலர் கருதினர். இதனைச் சோதிக்கவே இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் ஒரே முறையில் பெருஞ்சோதனை ஒன்று 2018-இல் தொடங்கியது. ஹேப்பின் என்பது அதன் சுருக்கப் பெயர். இந்தியாவில் இதனை டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த குழுவினர் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் வட்டாரங்களில் நடத்தினர். ஒவ்வொரு நாட்டிலும் ஏறத்தாழ 800 பேராக, மொத்தம் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டனர். சேர்க்கப்பட்ட சமயத்தில் அவர்கள் கர்ப்பத்தின் ஒன்பதாவது வாரத்திற்கும் இருபதாவது வாரத்திற்கும் இடையில் இருந்தனர். குலுக்கலில் ஒரு பிரிவுக்கு எரிவாயு அடுப்பும், பதினெட்டு மாதங்களுக்குத் தேவையான எரிவாயுவும் இலவசமாக வழங்கப்பட்டன. மற்றப் பிரிவினர் வழக்கமான விறகடுப்பிலேயே சமைத்தனர்.

கண்ட முடிவுகள்

முதலாவது முடிவு புகையைப் பற்றியது. எரிவாயு பெற்ற பெண்கள் அதனையே ஏறக்குறைய முழுமையாகப் பயன்படுத்தினர். விறகடுப்புப் பிரிவின் பெண்கள் சுவாசித்த நுண்துகளின் நடுமதிப்பு 70 மைக்ரோகிராம். எரிவாயுப் பிரிவில் அது 23.9 மைக்ரோகிராம். அதாவது ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் முதற்படி இலக்கான 35-க்கும் இது கீழானது. மக்களுக்கு எரிபொருள் தடையின்றிக் கிடைத்தால் பழைய அடுப்பை விட்டுவிடுவர் என்பதும், அவ்வாறு விட்டால் புகை உண்மையிலேயே விலகும் என்பதும் இதனால் நிறுவப்பட்டன.

இரண்டாவது முடிவு 2022-இல் வெளியாயிற்று. எரிவாயுப் பிரிவில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2,921 கிராம். மற்றப் பிரிவில் 2,898 கிராம். உரிய திருத்தங்கள் செய்தபின் வேறுபாடு 19.8 கிராம். உண்மையான வேறுபாடு இரண்டு கிராம் குறைவு முதல் நாற்பத்திரண்டு கிராம் கூடுதல் வரை எதுவாகவும் இருக்கலாம் என்று கணக்கு காட்டியது. ஆதலால், இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்ற ஐயத்தை விலக்க இயலவில்லை.

மூன்றாவது முடிவுகள் 2024-இல் வெளிவந்தன. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், நூறு குழந்தைகளை ஓராண்டு கவனித்தால் கடுமையான நிமோனியா எரிவாயுப் பிரிவில் 5.67 முறையும் மற்றப் பிரிவில் 6.06 முறையும் நேர்ந்தது. இந்த வேறுபாடும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. வயதுக்கேற்ற உயரமின்மை முதற்பிரிவில் 27.4 சதவீதம், இரண்டாம் பிரிவில் 25.2 சதவீதம். இதிலும் எரிவாயுவினால் நன்மை புலப்படவில்லை.

முடிவுகளைப் பொருள்கொள்ளுதல்

இம்முடிவுகளைப் படிப்பவர் இருவகையில் தவறலாம். ஒருவர், புகையினால் தீங்கில்லை என்று முடிவு கட்டலாம். மற்றொருவர், சோதனையிலேயே ஏதோ பிழை நேர்ந்தது என்று ஒதுக்கலாம். இரண்டும் பொருந்தா.

இதே குழுவினர் இச்சோதனைக்கு முன்பே தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்திருந்தனர். 2018-இல் வெளியான அந்த ஆய்வில், தாய் சுவாசிக்கும் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது குழந்தையின் எடை ஏறத்தாழ 4 கிராம் குறைவதாகக் காணப்பட்டது. பெருஞ்சோதனையில் நுண்துகள் 70-இலிருந்து 24 ஆக, அதாவது 46 மைக்ரோகிராம் குறைந்தது. முந்தைய கணக்கின்படி இதனால் குழந்தையின் எடை 18 கிராம் அளவே கூடியிருக்க வேண்டும். சோதனையில் கண்டதும் ஏறத்தாழ 20 கிராம்தான்! ஆகவே இரு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. புகை குழந்தையின் எடையைக் குறைக்கிறது என்பது உண்மையாக இருக்கக்கூடும். ஆனால் அக்குறைவு, தனியொரு குழந்தையின் எடையில் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிது. எடைக்குறைவிற்கு முதன்மையான காரணங்கள் வேறு: தாயின் ஊட்டக்குறைவு, இரத்தசோகை, மிக இளவயதில் கர்ப்பம், அடுத்தடுத்த பிரசவம் ஆகியன. அவை நீங்காதிருக்க, அடுப்பை மட்டும் மாற்றிப் பெரும்பயனை எதிர்நோக்குதல் பொருந்தாது.

காலமும் ஒரு காரணமாகலாம். எரிவாயு வந்தபோது கர்ப்பத்தின் தொடக்க வாரங்கள் கடந்துவிட்டன. அப்பெண்களோ சிறுவயது முதலே புகையில் வளர்ந்தவர்கள். பல்லாண்டுகளில் சேர்ந்த தீங்கைச் சில மாதங்களில் அளக்க முற்பட்டால் முழுப் பயனும் தெரியாமற் போகலாம். மூச்சடைப்பு நோயும் இதய நோயும் நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் முற்றுபவை; பதினெட்டு மாதச் சோதனையைக் கொண்டு அவற்றைப் பற்றி ஒன்றும் கூற முடியாது. நிமோனியாவைப் பொறுத்தவரை, தடுப்பூசியும் தாய்ப்பாலும் உணவும் உரிய நேரத்துச் சிகிச்சையும் அதன் போக்கை மாற்றுகின்றன. நம் நாட்டில் 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கிய நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021-இல் எல்லா மாநிலங்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

ஒரு கணக்கு

நாள் முழுதும் ஒருவர் சுவாசிக்கும் நுண்துகளின் சராசரியை எளிய கணக்கால் அறியலாம். கீழ்க்காணும் எண்கள் பயிற்சிக்காக நாம் அமைத்துக்கொண்டவை.

ஒரு பெண் நாளொன்றுக்கு 3 மணி நேரம் சமைக்கிறாள். விறகடுப்பின்முன் காற்றில் நுண்துகள் 600 மைக்ரோகிராம். எஞ்சிய 21 மணி நேரம் அவள் சுவாசிக்கும் காற்றில் 40 மைக்ரோகிராம். மூன்றை 600-ஆல் பெருக்க 1,800. இருபத்தொன்றை 40-ஆல் பெருக்க 840. இரண்டையும் கூட்டி 24-ஆல் வகுத்தால் நாட்சராசரி 110 மைக்ரோகிராம்.

அவள் முற்றிலும் எரிவாயுவுக்கு மாறினால் சமையல் நேரத்தில் நுண்துகள் 60 என்று கொள்வோம். அப்போது நாட்சராசரி 42.5.

பாதிச் சமையலை எரிவாயுவிலும் பாதியை விறகிலும் செய்தால் சராசரி 76 அளவில் நிற்கும். வெந்நீருக்கும் மாட்டுத்தீவனத்திற்கும் மட்டுமே விறகு என்று கூறும் வீடுகளின் நிலை இதுவே. அடுப்பு வந்தும் பயனில் பாதியே கிடைக்கிறது.

ஊரார் அனைவரும் மாறியதால் பொதுக்காற்றின் நுண்துகள் 40-இலிருந்து 25-ஆகக் குறைந்தால் அவளது நாட்சராசரி 29.4 ஆகும். முன்பு எட்டாதிருந்த 35 என்ற இலக்கு இப்போது எட்டிவிட்டது. தன் வீட்டில் மட்டும் எவ்வளவு முயன்றாலும் பெற முடியாத பயனை அண்டை வீடுகள் மாறியதால் அவள் பெறுகிறாள்.

இது வெறும் கற்பனையன்று. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் வீட்டு எரிபொருளின் புகையை முற்றிலும் நீக்கினால், வேறெதையும் மாற்றாமலே, நாட்டின் வெளிக்காற்றுச் சராசரி 40 என்ற தேசியத் தரத்திற்குள் வரக்கூடும் என்று கணக்கிட்டுக் காட்டியது. அடுப்புப் புகை கூரையோடு நின்றுவிடுவதில்லை. தெருவுக்கும் அடுத்த ஊருக்கும் பரவுகிறது.

இணைப்பும் பயன்பாடும்

இங்கு மற்றொரு கேள்வி எழுகிறது. பெருஞ்சோதனையில் எரிவாயு இலவசம். அன்றாட வாழ்வில் அவ்வாறன்று. கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்தில் உஜ்வலா இணைப்பு பெற்றோரின் முதலாண்டு வாங்குதலை ஆராய்ந்தபோது, அவர்கள் சராசரியாக 2.3 சிலிண்டர்களே வாங்கியிருந்தனர். அதே வட்டாரத்துக் கிராமங்களின் மற்ற நுகர்வோர் வாங்கியதில் இது ஏறத்தாழப் பாதி. ஐவர் கொண்ட குடும்பம் முழுச்சமையலுக்கும் எரிவாயுவையே நம்பினால் இதைப்போல் பன்மடங்கு தேவைப்படும். வயல்வேலை குறையும் கோடையில் வாங்குதல் மேலும் குறைந்தது. கையில் ரொக்கம் இருக்கும்போது சிலிண்டர். இல்லாதபோது விறகு என்பதே இதன் பொருள். இது அறியாமையால் நேர்வதன்று, வருமானத்தால் நேர்வது. ஆகவே ஒரு வீட்டில் எரிவாயு இணைப்பு உண்டா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், கடைசியாகச் சிலிண்டர் வாங்கியது எப்போது என்றும் கேட்டறிய வேண்டும்.

களப்பணியாளர் கவனத்திற்கு

1. உறுதியானதை உறுதியாகக் கூறுக. புகை விலகும், கண்ணெரிச்சல் தணியும், விறகு சுமக்கும் உழைப்பும் நேரமும் மிஞ்சும், நெடுங்காலப் புகையினால் வரும் நோய்களின் அபாயம் குறையும் என்பவற்றைத் தயங்காது கூறலாம்.

2. உறுதியல்லாததை வாக்குறுதியாக அளிக்கற்க. "அடுப்பை மாற்றினால் குழந்தை நல்ல எடையுடன் பிறக்கும்" என்று கூறிவிட்டு, குழந்தை எடை குறைந்து பிறந்தால் அத்தாய் அடுத்த முறை நாம் கூறும் எதனையும் நம்பமாட்டாள். தடுப்பூசியைப் பற்றிக் கூறுவதையும் நம்பமாட்டாள். நம்பிக்கையே களப்பணியாளரின் முதற் கருவி. அதனை இழந்தால் மற்றக் கருவிகள் பயன்படா.

3. கர்ப்பிணியின் வீட்டில் அடுப்பைப் பற்றிப் பேசும்போதே உணவு, இரும்புச்சத்து மாத்திரை, மாதாந்தரப் பரிசோதனை ஆகியவற்றையும் சேர்த்துப் பேசுக. எடைக்குறைவைத் தடுக்கும் வழிகளுள் இவை முந்தியவை.

4. முழுமையான மாற்றமே பயன் தரும் என்பதை விளக்குக. விறகு எந்த வேலைக்கு இன்னும் தேவைப்படுகிறது என்று கேட்டறிக. வெந்நீரையும் தீவனத்தையும் வீட்டிற்குள் காய்ச்சாமல் வெளியே காய்ச்சினாலும் அது ஒரு முன்னேற்றமே.

5. மாறவே இயலாத வீடுகளைப் பழிக்கற்க. உலர்ந்த விறகு, சுவரின் மேற்புறம் திறப்பு, அடுப்பெரியும்போது கைக்குழந்தையை அப்புறப்படுத்துதல் ஆகியன முழு நிவாரணம் ஆகாவிடினும் சிறு தணிப்பை அளிக்கும்.

6. எரிவாயுவின் பாதுகாப்பையும் கற்பிக்க. ரப்பர் குழாயை உரிய காலத்தில் மாற்றல், வேலை முடிந்ததும் உருளையின் அடைப்பானை மூடல், கசிவு நாற்றம் தெரிந்தால் மின்விசையைத் தொடாது கதவு சன்னல்களைத் திறத்தல் ஆகியவற்றைச் செய்து காட்டுவது நன்று. அச்சத்தாலேயே அடுப்பை மூலையில் வைத்திருக்கும் வீடுகளும் உண்டு.

ஆசிரியர்களுக்கு ஒரு செயல்முறை

ஒரே அளவான வெள்ளைத் துணித் துண்டுகளை மாணவர்களிடம் கொடுத்து, விறகடுப்புள்ள சமையலறை, எரிவாயு அடுப்புள்ள சமையலறை, வீட்டுத் திண்ணை ஆகிய இடங்களில் தரையிலிருந்து ஒரே உயரத்தில் தீக்கு எட்டாத தொலைவில் ஒரு வாரம் கட்டித் தொங்கவிடச் செய்க. பின்னர் அவற்றை வகுப்பில் அருகருகே வைத்து நோக்குக. துணியில் படிவது பெரும்பாலும் பெருந்துகள். நுண்துகளைக் கண்ணால் காண இயலாது என்பதையும் அப்போதே விளக்குதல் வேண்டும். எந்த மாணவருடைய வீட்டுத் துணி எது என்று வெளிப்படையாகக் கூறாமல், எண் குறித்து வைப்பது நலம். வறுமை வெட்கத்திற்குரியதாக ஆகிவிடலாகாது.

பயிற்சி வினாக்கள்

1. எரிவாயு உள்ள வீடுகளையும் இல்லாத வீடுகளையும் நேரே ஒப்பிடாமல் குலுக்கல் முறையைக் கையாளுவது ஏன்?

2. மேலே கண்ட கணக்கில் சமையல் நேரம் 4 மணியாயின், விறகடுப்பில் நாட்சராசரி எவ்வளவு? எரிவாயுவில் எவ்வளவு?

3. "சோதனையில் குழந்தையின் எடை கூடவில்லை, ஆகவே புகையால் கேடில்லை" என்று ஒருவர் வாதிட்டால் என்ன விடை கூறுவீர்?

4. உங்கள் ஊரில் எரிவாயு இணைப்பு இருந்தும் விறகு எரியும் வீடுகளில் அதற்குக் கூறப்படும் காரணங்கள் யாவை? அவற்றுள் அறிவுரையால் நீங்கத்தக்கவை எவை? விலை குறைந்தாலன்றி நீங்காதவை எவை?

எதிர்பார்த்த முடிவு கிட்டாத சோதனையை வீண் முயற்சி என்று கருதலாகாது. புகை எதற்குக் காரணம், எதற்குக் காரணமன்று என்பதை அது வரையறுத்துக் காட்டிற்று. தாயின் உணவைக் கவனியாமல் அடுப்பை மட்டும் மாற்றி மனநிறைவு கொள்ளும் பிழையிலிருந்து நம்மைக் காத்தது. எரிபொருள் கைக்கெட்டினால் பெண்கள் விறகை விட்டுவிட ஆயத்தமாக இருக்கிறார்கள் என்பதையும் அதுவே மெய்ப்பித்தது. இவ்வுண்மைகளைக் கூட்டாமலும் குறைக்காமலும் மக்களிடம் கொண்டு செல்லுதல் களப்பணியாளர், ஆசிரியர் ஆகிய இரு சாராரின் கடமையாகும்.